விளிம்புப் படம் இல்லாமல் ட்ரூயிட் பென்னி வாங்காதீர்கள்

போன மாதம் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 1787ஆம் வருடத்து ட்ரூயிட் பென்னி (ட்ரூயிட் என்ற பழங்காலக் கெல்டியப் பூசாரியின் தலை பொறித்த செம்புக் காசு) ஒன்றை 85 பவுண்டு கொடுத்து வாங்கி ஏமாந்தேன். பழைய பிரிட்டிஷ் செம்பு டோக்கன் (அரசு அல்லாமல் தனியார் அடித்த காசு) சேர்க்கிறவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

படங்கள் இரண்டுதான் போட்டிருந்தார். ஒன்றில் ஓக் இலை வளையத்துக்குள் முக்காடிட்ட தாடிக்கார ட்ரூயிட், மற்றதில் அதை அடித்த கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் பின்னலாக. நிறம் அழகான சாக்லேட் பழுப்பு. விளிம்பைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று பதில் வந்தது. அதை நம்பியதுதான் தவறு.

இந்த டோக்கனுக்கு விளிம்பு ஏன் அவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். 1775க்குப் பிறகு அரசு நாணயச்சாலை செம்புக் காசு அடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டது. சந்தை முழுக்கக் கள்ளக் காசு. கூலி கொடுக்கவே சில்லறை இல்லாத நிலையில்தான் பாரிஸ் சுரங்கக் கம்பெனி (பிரான்ஸின் பாரிஸ் இல்லை, வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் உள்ள செம்பு மலை) 1787இல் சொந்தமாகப் பென்னி அடித்தது. ஒரு பக்கத்தில் "கொண்டுவருபவருக்கு ஒரு பென்னி தர உறுதி கூறுகிறோம்" என்று இருக்கும். எங்கே தருவார்கள் என்பது விளிம்பில் இருக்கும்: கேட்டவுடன் லண்டன், லிவர்பூல் அல்லது ஆங்கிள்சியில். விளிம்பு எழுத்து இல்லையென்றால் அந்த வாக்குறுதியே பாதிதான்.

எனக்கு வந்ததில் விளிம்பு மொட்டை, ஓர் எழுத்தும் இல்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுற்றிலும் அரம் போட்டுத் தேய்த்த கோடுகள், நடுவில் வார்ப்பு ஒட்டிய தடம்: அசல் போல அச்சால் அடித்ததல்ல, உருக்கி ஊற்றி வார்த்தது. இலை நரம்புகள் மழுங்கி, உருவமில்லாத வெற்றிடமெங்கும் பொடிப் பொடிக் குழிகள். ஏறக்குறைய ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் நிற்க வேண்டியது 22.6தான் நின்றது. தேய்மானத்தில் கொஞ்சம் குறையும், இவ்வளவு குறையாது. அந்தப் பழுப்பும் பூச்சுதான், அசிட்டோன் தொட்ட பஞ்சில் வந்துவிட்டது.

மொட்டை விளிம்பு என்றாலே போலி என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். சில டோக்கன்களுக்கு அசலே அப்படித்தான். இந்த டோக்கன்களை வகைப்படுத்திய டால்டன், ஹேமர் பட்டியல் நூலில் விளிம்பு விவரம் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.

விற்றவர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். கார்டு வங்கியில் புகார் கொடுத்துத்தான் பணத்தை மீட்டேன், மூன்று வாரம் ஆனது. நேற்று பார்த்தால் அதே இரண்டு படங்களோடு இன்னொரு பென்னி விற்பனைக்கு வந்திருக்கிறது. தாடியின் நுனிக்குக் கீழே ஊசி குத்தியது போல ஒரு குழி தெரியும். அதைப் பார்த்தால் வாங்காதீர்கள்.