ஓட்டுநர் அறையின் சிக்னல் திரை: பல ஆண்டுகள் ஓட்டிய பிறகு

தங்கள் வழித்தடத்திற்கும் ஈ.டி.சி.எஸ். (ஓட்டுநர் அறையின் திரையிலேயே சிக்னலைக் காட்டி, வரம்பு மீறினால் தானே பிரேக் போடும் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறை) வரப்போகிறது, நீண்ட நாள் ஓட்டியவராகிய நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று வேறொரு டிப்போவில் பணிபுரியும் நண்பர் கேட்டிருந்தார். என் எஞ்சினின் திரை பழுதுநீங்கித் திரும்பிவந்து, புதிய ஒலிபெருக்கி முன்னைவிட உரக்க ஒலிக்கும் நேரத்தில் இக்கேள்வி வந்ததால், பதில் சற்றுச் சூடாகவே இருக்கும்.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி, திரையின் வலப்பக்கத்தில் முன்னுள்ள பாதையைக் காட்டும் பட்டை. வழக்கமாக 4 கிலோமீட்டரும், விரித்தால் 32 கிலோமீட்டர் வரையும் வேக மாற்றங்களையும் ஏற்ற இறக்கங்களையும் அது வரிசையாகக் காட்டுகிறது. கம்பச் சிக்னலை மூடுபனியில் தேடித் தேடிக் கண் வலித்த ஓட்டுநருக்கு, பனிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது கண்முன்னே தெரிவது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதை நான் விளக்கத் தேவையில்லை. பிரேக் கணக்கு எச்சரிக்கை மிகுந்ததாக இருக்கிறது, அனுபவசாலி தொடங்கும் இடத்திற்கு முன்பே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது என்று பலர் குறைப்படுவார்கள்; சில வாரங்களில் அது கைக்குப் பழகிவிடும்.

எனக்குப் பழகாதது, செய்தியைக் கண்டுகொண்டேன் என்று திரையைத் தொட்டுச் சொல்லும்படி ஒப்புதல் கேட்கும் முறை. புதிய கட்டளை வந்தாலும், இயக்கமுறை மாறினாலும், வெறும் தகவல் வாசகம் தோன்றினாலும் ஒலிப்பது அதே ஒரு குறுகிய ஒலி. ஒப்புதல் தேவையானால் மஞ்சள் சட்டம் மினுக்கத் தொடங்கும். முறை மாற்றம் போன்றவற்றில் 5 விநாடிக்குள் தொடாவிட்டால் பிரேக் தானாக விழும். இதில் மிக மோசமானது, முன்னால் தடம் காலியாக இருக்கும் என்ற உறுதியில்லாதபோது வரும் பார்வைவழி இயக்கத்திற்கான கோரிக்கை. கண்ணுக்கு எட்டும் தூரத்திற்குள் நிறுத்தும்படி, தடத்தின்மீது பார்வை வைத்து மெதுவாக ஓட்டு என்பதே அதன் பொருள். அப்படி வெளியே பார்க்க வேண்டிய அந்தக் கணத்திலேயே தலையைக் குனிந்து மினுக்கும் சட்டத்தைத் தேட வைக்கிறது இந்தத் திரை. சற்று முன் அதே ஒலி ஒரு சாதாரண வாசகத்திற்காக ஒலித்திருக்கும். எனவே விரல் முதலில் நகர்கிறது, கண் பின்னால் போகிறது, பொருள் அதற்கும் பின்னால் வருகிறது.

இது புதிதாக முளைத்த சிக்கலன்று. பிரிட்டனின் ஏ.டபிள்யூ.எஸ். எச்சரிக்கைக் கருவி மஞ்சளுக்கும் சிவப்புக்கும் ஒரே ஊதொலியையே தந்தது; ஓட்டுநர் பொத்தானை அழுத்தினால் அது அடங்கிவிடும். 1999 அக்டோபர் 5 அன்று லண்டனின் லாட்புரோக் குரோவ் அருகே சிவப்பைக் கடந்த ரயில் எதிர்ரயிலோடு மோதி 31 பேர் இறந்தார்கள். கடந்து சென்ற ரயிலில் அந்தக் கருவி இருந்தது, எச்சரிக்கைக்கு ஒப்புதலும் தரப்பட்டிருந்தது. பொத்தானை அழுத்தும் கை, செய்தி மனத்தில் பதிந்ததற்குச் சான்றாகாது என்பதற்கு இதைவிடக் கொடிய பாடம் வேண்டுமா? ஈ.டி.சி.எஸ். சிவப்பைக் கடக்க விடாமல் தானே நிறுத்தும் என்பது உண்மைதான், ஆனால் பார்வைவழி இயக்கத்தில் தடத்தில் நிற்கும் வண்டியை அது அறியாது. அங்கே மிஞ்சியிருப்பது ஓட்டுநரின் கண் மட்டுமே.

நியாயமாகச் சொன்னால் பழி முழுவதும் கருவியைச் சேராது. எந்த வாசகத்திற்கு ஒப்புதல் கேட்பது, எதற்கு வேண்டாம் என்பதைத் தடப்பக்க அமைப்பை வடிவமைக்கும் ரயில் நிர்வாகமே தீர்மானிக்க முடியும். எங்கள் வழித்தடத்தில் அதைத் தீர்மானித்தவர்கள், ஐயமிருந்தால் கேட்டுவிடு என்று முடிவெடுத்தார்கள் போலும். பயிற்சியிலும் எந்தச் சின்னத்திற்கு என்ன பொருள் என்று பொறுமையாகக் கற்றுத்தந்தார்கள். ஆனால் நிலையத்தை நெருங்கும்போது, வேக வரம்பு மாறும் இடத்திலேயே ஒப்புதல் கோரிக்கையும் வந்தால் கண்ணை எங்கே வைப்பது என்பதை ஓட்டுநர் அறையைப் போலவே அமைத்த பயிற்சி மாதிரியில் ஒருமுறைகூடச் செய்து பார்க்கவில்லை. நண்பரே, உங்கள் டிப்போவில் ஓட்டுநர்களிடம் கருத்துக் கேட்டால் முதலில் இவ்விரண்டையும் கேளுங்கள். திரையின் நிறத்தையும் இருக்கையின் உயரத்தையும் பிறகு பேசிக்கொள்ளலாம்.

பாதுகாப்பை மட்டும் எடைபோட்டால் இந்தத் திரை கம்பச் சிக்னலைவிடத் தெளிவாக மேலானது, அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அடுத்த பணிச்சுற்றுக்கு என் விருப்பமாகக் கம்பச் சிக்னல் உள்ள பழைய வழித்தடத்தையே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒப்புதல் கேட்கும் வாசகங்களைக் குறைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அந்த விருப்பத்தைத் திரும்பப் பெறுவேன்.