பூச்சாடிக்கென்று பெயரில்லாத போத்தலில் மருந்து விற்கிறார்கள், கவனம்

கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்புப் பக்கம் வீட்டுக்குள் பூச்சாடி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வாசியுங்கள். சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீடென்றால் கட்டாயம் வாசியுங்கள்.

ஏ9 வீதியோரம் பூக்கன்று விற்கும் ஒருவரிடம் அந்தூரியமும் அக்லோனிமாவும் வாங்கினோம். கொஞ்ச நாளில் இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கெல்லாம் வெள்ளைப் பஞ்சு அப்பத் தொடங்கியது. ஈர்க்கால் கிளறினால் மெழுகு நூல் நூலாக இழுபட்டது. இலை பிசுபிசுத்தது, சாடிக்குக் கீழே மாபிளும் பிசுபிசுத்தது, எறும்பு வரிசை கட்டியது. மாவுப்பூச்சிதான். விற்றவரிடமே கேட்டோம். "அது ஒண்டுமில்லை அக்கா, ஒருக்கா மருந்து அடிச்சா எல்லாம் கொட்டுண்டிடும். நானே வந்து அடிச்சுத் தாறன்" என்றார். 1,500 ரூபாய் கேட்டார், கொடுத்தோம்.

அவர் கொண்டு வந்தது ஒரு சோடாப் போத்தல். லேபிள் கிழித்துப் பசை மட்டும் மிஞ்சியிருந்தது. என்ன மருந்து என்று கேட்டதற்கு, "பூக்கண்டுக்கெண்டே வாறது" என்பதுதான் பதில். மூடியால் அளந்து ஊற்றியதும் தண்ணீர் வெளுத்துக் கலங்கியது. வயலுக்கு மருந்தடிக்கிற நாளில் ஊரெல்லாம் வீசும் அதே நெடி. சாடிகளை முற்றத்துக்கு எடுப்போம் என்றேன். தேவையில்லை, மணம் போய்விடும் என்று சொல்லிக் கூடத்துக்குள்ளேயே அடித்துவிட்டு, போத்தலையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரமே அம்மாவுக்குத் தலையிடி, வயிற்றுப் பிரட்டல், வாயெல்லாம் உமிழ்நீர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். டொக்டர் கண்ணில் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "என்ன மருந்து அடிச்சனீங்கள்?" எங்களிடம் பதில் இல்லை. அந்த ஆளுக்கு அழைத்தால், "சும்மா பூச்சி மருந்துதான், பயப்பிடாதேங்கோ" என்கிறாரே தவிர பெயர் சொல்லவில்லை. ஓகனோபொஸ்பேற் என்ற வகைப் பூச்சி நஞ்சென்றால் அற்றோபீன் என்ற முறிவு மருந்து கொடுப்பார்கள். பைரெத்ரொயிட் என்ற இன்னொரு வகை என்றால் வைத்தியமே வேறு. பெயர் தெரியாததால் அறிகுறியை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு டொக்டர்மாரைத் தள்ளிவிட்டார் அந்த மனுசன். அம்மா தேறிவிட்டார். ஆனால் அந்தப் போத்தலை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்து, சோடா என்று ஒரு பிள்ளை எடுத்திருந்தால்? நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

இது சட்டப்படியும் குற்றம். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவு செய்த மருந்தைத்தான், அதுவும் உரிய லேபிளோடுதான் விற்கலாம். மொனோகுரோட்டோபொஸ் என்ற பூச்சி மருந்து 1995இலும் என்டோசல்பான் என்ற இன்னொன்று 1998இலும் இந்த நாட்டில் நிறுத்தப்பட்டது எத்தனையோ உயிர் போன பிறகுதான். லேபிள் கிழித்த போத்தலுக்குள் எது இருக்கிறதென்று யாருக்குத் தெரியும்?

சரி, பூச்சியாவது செத்ததா? அந்தூரிய இலை ஓரமெல்லாம் கருகியதுதான் மிச்சம். மாவுப்பூச்சி மெழுகுப் பஞ்சுக்குள் முட்டை வைக்கும். மேலால் அடிக்கிற மருந்து உள்ளே போகாது, குஞ்சு பொரித்துத் திரும்ப வரும். எங்களுக்கும் அப்படியே வந்தது.

அப்புறம் பக்கத்து ஊர் விவசாயப் போதனாசிரியர் சொன்னபடி செய்தோம். பூச்சி பிடித்த சாடியை மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ஃபார்மசியில் வாங்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு இடுக்கிலும் தொட்டுத் துடைக்க வேண்டும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில துளி. முதலில் ஒரு இலையில் தெளித்துப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு முற்றத்தில் வைத்து அடியுங்கள். முக்கியமானது இதுதான்: கிழமைக்கொரு தடவை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் முட்டைகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. சாடியைக் கவிழ்த்து வேரையும் பாருங்கள், அங்கேயும் ஒளிந்திருக்கும்.

சோளகக் காற்றுக் காலத்தில் மணிபிளான்ட் இலை வெளிறி, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் அது சிற்றுண்ணி. அது பூச்சி இனமே இல்லை, பல பூச்சி மருந்துகள் அதற்கு வேலை செய்யாது. அதைத் தின்னும் நல்ல உயிர்களைத்தான் அவை கொல்லும். இலையடியைத் தண்ணீர் பீச்சிக் கழுவினாலே பாதி போய்விடும்.

அந்த ஆளிடம் நேரில் போய்க் கேட்டோம். இன்னொரு அந்தூரியத்தைத் தூக்கித் தந்து சமாளிக்கப் பார்த்தார். வாங்கவில்லை. கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் அங்கே போய்ச் சொல்லுங்கள், விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கும் அழைக்கலாம். ஏற்கெனவே அப்படியொரு போத்தல் வீட்டில் இருந்தால் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றிவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்துவிட்டு, என்ன செய்வதென்று போதனாசிரியரைக் கேளுங்கள்.