ஏலக்காய்க் கணக்குக்கு எது தோது: நேட்டிவ்வா, மாட்யூலா, காம்போனென்ட்டா?

குமுளியில் ஏலக்காய் எடுக்கும் கடைகளில் கணக்கு எளிது: எடை, கிலோ விலை, கழிவு. ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில், கட்டளை தட்டி ஓட்டும் ஒரு டெர்மினல் கால்குலேட்டர் எழுதிவிடலாம். எழுதியதை எந்த வடிவில் பில்ட் செய்து கொடுப்பது என்பதில்தான் போட்டி: அந்தந்த வகைக் கம்ப்யூட்டருக்கென்றே செய்யும் நேட்டிவ் பைனரியா, அல்லது ஒரே பில்டைப் பல வகைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் வெப்அசெம்பிளி (சுருக்கமாக வாஸ்ம்) வடிவங்களான மாட்யூலா, காம்போனென்ட்டா?

நேட்டிவ் பைனரி டக்கென்று ஓடும். மேலே குமுளிக் கடையில் ராஸ்பெர்ரி பை, கீழே கம்பத்து ஆபீசில் விண்டோஸ் என்றால் இரண்டு பில்ட். ஒரே கம்ப்யூட்டர்தான் என்றால் மேற்கொண்டு படிக்க வேண்டாம், இதுவே போதும்.

வாசி என்பது வாஸ்ம் புரோகிராம் ஃபைல், டெர்மினல் போன்றவற்றைத் தொட உதவும் பொது இடைமுகம்; வாசிபி1 அதன் பழைய பதிப்பு. வாசிபி1 மாட்யூல் ஒரே ஃபைலாக, வாஸ்ம் புரோகிராமை ஓட்டும் வாஸ்ம்டைம் இருக்கும் இடமெல்லாம் ஓடும். ஆனால் '8 எம்எம்' என்று ரகத்தின் பெயரை இன்னொரு மாட்யூலுக்கு அப்படியே அனுப்ப முடியாது. மெமரியில் எழுதி, இருக்கும் இடத்தையும் நீளத்தையும் எண்களாகத் தரணும். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவர் இதைத் தொட எனக்குக் காரணம் தெரியவில்லை.

காம்போனென்ட் அந்தத் தலைவலியை, எதை வாங்கும் எதைத் தரும் என்று எழுதிவைக்கும் விட் ஃபைலிடம் தள்ளிவிடுகிறது. ரகம் ஸ்ட்ரிங் (எழுத்து), எடை யு64 (முழு எண்), விடை ரிசல்ட் (விடை அல்லது பிழை) என்று அதில் எழுதினால் விட்-பைண்ட்ஜென் என்ற கருவி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். காம்போனென்ட்டுக்கான வாசி 0.2, அதாவது வாசிபி2, வந்தது 2024 ஜனவரியில். அதே அக்டோபரில் ரஸ்ட் 1.82 வாசிபி2-வை டயர் 2 (பில்ட் ஆகும் என்று உறுதி தரும் நிலை) டார்கெட்டாக ஏற்றபின் ரஸ்டின் சாதாரண கார்கோ பில்ட் கட்டளையே காம்போனென்ட் தருகிறது.

இதன் அருமை கழிவு விதியில் தெரியும். அது வியாபாரிக்கு வியாபாரி மாறும். விதியைத் தனிக் காம்போனென்ட்டாக்கி, 'வாக் பிளக்' கட்டளையால் கால்குலேட்டரோடு கோர்த்துவிடலாம். போடிக்காரர் தன் விதியைப் பைத்தானில் எழுதினாலும் சரி. விதி மாறினால் அதை மட்டும் மாற்றித் திரும்பக் கோர்த்தால் போதும், கால்குலேட்டரைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டாம். இருவர் மெமரியும் தனித்தனி, ஒன்று மற்றதில் கைவைக்காது.

ஆனாலும் கண்ணை மூடி நம்பாதீர்கள். விலைப்பட்டியல் படிக்க நீங்கள் வாஸ்ம்டைமுக்கு '--டிர்' கொடுத்துத் திறக்கும் ஃபோல்டர், ஃபைல்சிஸ்டம் இம்போர்ட் (ஃபைல்களைத் தொடும் வசதி வெளியிலிருந்து வேண்டும் என்பது) கேட்டிருக்கும் விதிக்கும் திறந்துவிடும். கோர்க்கும் முன் வாஸ்ம்-டூல்ஸ் என்ற கருவியில் அந்த விதியின் இம்போர்ட்டுகளைப் பாருங்கள். பிரவுசரிலும் காம்போனென்ட் நேரடியாக ஓடாது, ஜேகோ என்ற கருவி வழியாக மாற்றணும்.

காசு விஷயத்தில் மூன்றும் ஒன்றே. தசம எண்ணுக்கான எஃப்64 வகையில் 0.1, 0.2 கூட்டினால் எங்கும் 0.30000000000000004தான் வரும், பைசாவை முழு எண்ணாக வையுங்கள்.

விதி உங்களுடையது மட்டுமா, நேட்டிவ். நாலு பேர் விதி வந்து சேருமா, காம்போனென்ட்.