வீட்டுக்கே வந்து எடுக்கும் எல்.எஃப்.டி: மனநல மருந்து சாப்பிடும் பிள்ளைக்குச் சரிப்படுமா?

சில மனநல மருந்துகள் கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் பார்க்கும் ரத்தப் பரிசோதனைதான் எல்.எஃப்.டி. ஆப்பில் பதிவு செய்தால் காலையில் ஆள் வந்து ரத்தம் எடுத்துப் போகிறார். சாயங்காலத்துக்குள் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப். வந்துவிடுகிறது. ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே அலறும் ஆட்டிசப் பிள்ளைக்கு நல்ல ஏற்பாடுதான். தகராறெல்லாம் ரிப்போர்ட்டில்.

முதலில் கண்ணில் அறைவது ஏ.எல்.பி. என்ற நொதியின் பக்கத்தில், வரம்புக்கு மேல் என்று சொல்லும் தடித்த 'எச்'. எட்டு வயதுப் பிள்ளைக்கு 280 வந்திருக்கும். அச்சிட்ட வரம்போ 40–130. அது பெரியவர்கள் கணக்கு. வளரும் எலும்பிலிருந்தும் இந்த நொதி வருவதால் பிள்ளைகளுக்கு இரண்டு மூன்று மடங்கு இருப்பது சகஜம். ஜி.ஜி.டி. என்ற கல்லீரல் நொதியும், மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிருபினும் சரியாக இருந்தால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

அதே பெரியவர் வரம்பு இன்னொரு வரியில் தலைகீழாக ஏமாற்றும். எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல் நொதி, ஏ.எல்.டி. என்றும் போடுவார்கள்) 45, வரம்பு 50 வரை, 'எச்' கிடையாது. ஆனால் ஆண் பிள்ளைக்கு 26, பெண் பிள்ளைக்கு 22 தாண்டினாலே குழந்தைகள் கல்லீரல் மருத்துவர்கள் கவனிப்பார்கள். ஆட்டிசப் பிள்ளையின் ஆவேசத்துக்குக் கொடுக்கும் ரிஸ்பெரிடோன் ஆரம்பித்ததும் பசி கூடி, மளமளவென்று எடை ஏறிய பிள்ளைக்கு அந்த 45 கொழுப்புக் கல்லீரலின் தொடக்கமாக இருக்கலாம்.

கல்லீரலிலும் தசையிலும் சிவப்பணுவிலும் இருக்கும் எஸ்.ஜி.ஓ.டி. மட்டும் தனியாக ஏறியிருந்தால் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள். திமிறும் கையிலிருந்து சிரிஞ்சில் வேகமாக இழுத்தால் சிவப்பணு உடைந்து எண் ஏறிவிடும்; பொட்டாசியமும் கூடவே ஏறும். 'ஹீமோலைஸ்டு' என்று அடியில் பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். முந்தின நாள் கடுமையாக விளையாடியிருந்தாலும் தசையிலிருந்து வரும், தசை நொதியான சி.பி.கே. பார்த்தால் பிடிபடும்.

வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் கொடுக்கும் வால்ப்ரோயேட் சாப்பிடும் பிள்ளைக்கு இந்த பேக்கேஜ் பாதிக் கிணறுதான். கல்லீரல் பாதிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். இரண்டு வயதுக்குக் கீழே, கூடவே வேறு வலிப்பு மருந்தும் ஓடினால் ஆபத்து அதிகம். எஸ்.ஜி.பி.டி. கல்லீரல் செல் சேதத்தைத்தான் காட்டும். கல்லீரல் வேலை செய்கிறதா என்று சொல்வது ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் பி.டி./ஐ.என்.ஆர்.; அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். வால்ப்ரோயேட்டால் ரத்தத்தில் ஏறக்கூடிய அம்மோனியாவைப் பார்க்க வீட்டில் ரத்தம் எடுக்கவே விடாதீர்கள். ஐஸில் வைத்து உடனே லேபில் பிரிக்காவிட்டால் டியூபிலேயே ஏறும். பைக்கில் நாலு வீடு சுற்றி வந்த சாம்பிள் குப்பைக்குத்தான். ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதானால் காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் கொடுக்க வேண்டும்.

வாந்தி, அசாதாரணத் தூக்கம், சாப்பாடு இறங்காமை, கண் மஞ்சள், வலிப்பு திடீரென்று கூடுவது, இதில் ஒன்று இருந்தாலும் வீட்டுக்கு ஆள் கூப்பிடாமல் நேராக எமர்ஜென்சி. பிள்ளை தெம்பாக இருந்து எண் லேசாக ஏறியிருந்தால் டாக்டர் டோஸைக் குறைப்பார், அல்லது சில வாரத்தில் மறுபடி பார்ப்பார். ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக வால்ப்ரோயேட்டை நிறுத்தினால் வலிப்பு பாயலாம். கவனக்குறைவுக்கு (ஏ.டி.எச்.டி.) கொடுக்கும் அட்டமோக்ஸெடின் கதை வேறு: அதனால் மஞ்சள் காமாலை வந்தால் நிறுத்துவார்கள், திரும்பத் தொடங்கவே மாட்டார்கள். காய்ச்சலுக்குக் கொடுத்த பாரசிட்டமால், நாட்டு மருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு எரிச்சல், 'ஃபுல் பாடி' பேக்கேஜைத் தலையில் கட்டி 12 மணி நேரம் பட்டினி போடச் சொல்வது. சர்க்கரை, கொழுப்பு சேர்த்துப் பார்ப்பதானால் சரி. வெறும் எல்.எஃப்.டி.க்குத் தேவையே இல்லை; பிலிருபின் லேசாக ஏறும், ஆபத்தில்லாத பிறவிக் குறையான கில்பர்ட் உள்ள பிள்ளைக்குப் பட்டினியே பிலிருபினை ஏற்றி இன்னொரு 'எச்' போட்டுவிடும்.