சூட்கேஸ் பிளேயரா, எல்பி60எக்ஸா?

தாத்தா காலத்து இசைத்தட்டுகள் இருக்கின்றன, செலவு கையைக் கடிக்கக் கூடாது என்றால் கடைசியில் இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்போம்: ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கும் சூட்கேஸ் பிளேயர், இல்லாவிட்டால் ஓடியோ டெக்னிகா நிறுவனத்தின் எல்பி60எக்ஸ் என்ற, ஸ்பீக்கர் இல்லாத தட்டுச் சுழற்றி. ஹட்டன் வீட்டில் இரண்டையும் வைத்துக் கேட்டிருக்கிறேன்.

சூட்கேஸ் விலை குறைவு, மூடித் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அதன் செராமிக் கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) பெரும்பாலும் 5 கிராம் அளவில் தட்டை அழுத்தும், மற்றதில் 3 கிராம் அளவுதான். எனக்கு இதுதான் பெரிய விஷயம், தேய்ந்த பள்ளத்தில் போன பாட்டு போனதுதான். ஸ்பீக்கரும் ஊசியும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் அதிர்வு ஊசிக்கே போகிறது. ஒருநாள் நாதஸ்வரம் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் ஊசி துள்ளித் துள்ளி அதே வரியில் நின்றது, பாட்டி அடுப்படியில் இருந்து எழுந்தே வந்துவிட்டார்.

எல்பி60எக்ஸில் பொத்தானை அமுக்கினால் ஊசி பொருத்திய கை தானாகத் தட்டின் மேல் போய் இறங்கும், முடிந்ததும் திரும்பிவிடும். ஊசியின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ பிரீஆம்ப் உள்ளேயே இருப்பதால் வீட்டிலுள்ள பழைய செட்டின் ஆக்ஸ் துளையில் செருகினால் சரி. ஊசியை மட்டும் கழற்றி மாற்றலாம். ஸ்பீக்கர் தனியாக வேண்டும். பழைய தட்டுகளுக்கான 78 வேகம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இதில் இல்லை, பல சூட்கேஸ்களில் உண்டு, ஆனாலும் 78 தட்டுக்கு அகலமான ஊசி தேவை, எல்பி (33 வேக நீள்தட்டு) ஊசியால் அதை ஓட்டுவது சரியில்லை.

கொஞ்சம் காசு சேர்த்தாவது எல்பி60எக்ஸையே வாங்குங்கள். அப்புறம், நம் பக்கத்து மழைக்குத் தட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும், அதைத் துடைக்காமல் ஊசியை வைத்துவிடாதீர்கள்.