மேசைப் போர் டாங்கிகள்: வருடக்கணக்கில் கைபட்ட பிறகும் நிற்கிற பெயிண்ட்

அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற மாடல் வேறு, போர் விளையாட்டு மேசையில் இறங்குகிற மாடல் வேறு. இதை ஒவ்வொரு சுற்றிலும் யாராவது தூக்குவார்கள், டர்ரெட்டை (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்பகுதியை) திருப்புவார்கள். பெரும்பாலும் மேலிருந்து, கை நீட்டும் தூரத்தில்தான் பார்ப்பார்கள். நிஜ வண்டியில் 1/56, 1/100 பங்கு அளவுகளில் இரண்டாம் உலகப்போர் வண்டிகளைப் பல வருடங்களாகப் பெயிண்ட் செய்து விளையாடி வருகிறேன். எது நீடித்தது என்பதைச் சொல்கிறேன்.

அடிப்படை நிறத்துக்கு, பிரஷ் என்றால் வயேஹோ கம்பெனி பெயிண்ட், காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் என்றால் டமியா கம்பெனி அக்ரிலிக். டமியாவைப் பிரஷ்ஷில் அடித்தால் இரண்டாவது பூச்சு கீழே இருப்பதைக் கரைத்து இழுத்துவிடும். ஏர்பிரஷ்ஷில் அதைப்போல் பிடிப்பது வேறில்லை. ஜெர்மன் வண்டி என்றால் வருடத்தையும் பாருங்கள்: 1943 பிப்ரவரியில்தான் அடர் சாம்பல் போய் அடர் மஞ்சள் வந்தது. எந்த நிறமானாலும் கொஞ்சம் வெளுப்பாகவே தொடங்குங்கள். வாஷும் (இடுக்குகளில் ஓட விடும் நீர்த்த நிறம்) வார்னிஷும் (மேலே அடிக்கும் பாதுகாப்புப் பூச்சு) சேர்ந்து எப்படியும் இருட்டாக்கிவிடும்.

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டம், ஆயில் பெயிண்ட். ஓவியர்கள் பயன்படுத்தும் சாதாரண பர்ன்ட் அம்பர் டியூப் போதும். அட்டையில் பிதுக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும். மினுமினுப்பு குறையும், சீக்கிரம் காயும். கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ் அடித்த வண்டியின் மேல், ஒயிட் ஸ்பிரிட்டில் (ஆயில் பெயிண்ட் கரைப்பானில்) நீர்க்கக் கரைத்த இந்த நிறத்தை நுனி பிரஷ்ஷால் ஒரு ரிவெட்டின் (தகட்டு ஆணித் தலையின்) அடியில் தொட்டுப் பாருங்கள். துளி தானாகவே ஓடி ரிவெட்டைச் சுற்றி, பக்கத்து இடுக்கு வழியாக மூடியின் கீல் வரை போய் நிற்கும். முழு வண்டியையும் வாஷில் நனைப்பவர்கள் இந்தத் தெளிவை இழக்கிறார்கள். அப்புறம், லேசாக ஈரமான பிரஷ்ஷால் பக்கவாட்டுத் தகட்டில் மேலிருந்து கீழாக இழுத்தால் மழை வழிந்த கறை கிடைக்கும். பிடிக்கவில்லையா, துடைத்துவிடலாம், நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை ஒயிட் ஸ்பிரிட் ஒன்றும் செய்யாது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மேல் வார்னிஷுக்குச் சில நாள் பொறுங்கள்.

பெயிண்ட் உதிர்ந்த தடங்களுக்குப் பேக்கிங்கில் வரும் ஸ்பாஞ்ச் துண்டுதான். அடர் பழுப்பைத் தொட்டு, காகிதத்தில் பெரும்பாலும் ஒற்றி எடுத்துவிட்டு, விளிம்புகளிலும் வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களிலும் மட்டும் வையுங்கள். வெள்ளி நிறம் வேண்டாம், வெளியில் கிடக்கும் எஃகு அப்படிப் பளபளப்பதில்லை. தரையில் உரசும் டிராக் (சங்கிலிப் பட்டை) மேடுகளுக்கு மட்டும் பென்சில் முனையைத் தேய்த்தால் போதும், உலோகப் பளபளப்பு அப்படியே வரும். துருவைச் சைலன்சரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிக்மென்ட் பொடி (உலர்ந்த நிறத்தூள்) விஷயத்தில் என் கருத்து கறாரானது. முதல் நாள் அதைவிட அழகான தூசி கிடையாது. ஆனால் கைபட்டால் உதிரும், மேலே வார்னிஷ் அடித்தால் பாதி மறையும். மேசைக்குப் போகும் வண்டியில் தூசிக்கு வெளிர் மணல் நிறத்தில் டிரை பிரஷ் (பெயிண்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட பிரஷ்ஷால் லேசாகத் தேய்ப்பது); சேற்றுக்கு, பொடியை மேட் மீடியத்தில் (நிறமில்லாத மங்கல் அக்ரிலிக் கலவையில்) குழைத்து டிராக்கிலும் மட்கார்டிலும் அப்புவது. இரண்டும் அசையாது.

வார்னிஷில் சிக்கனம் வேண்டாம். முதலில் தேய்வது பீரங்கிக் குழாயின் முனையும் டர்ரெட் விளிம்பும்தான். உலோக மாடலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். கிளாஸ் ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மேலே மேட். உறுதி கிளாஸிலிருந்து, மங்கல் மேட்டிலிருந்து. காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஸ்பிரே வார்னிஷைத் தொடாதீர்கள், வெள்ளை படர்ந்துவிடும்.

ரெசின் வண்டி வாங்கினால் பிரைமருக்கு (முதல் அடிப்பூச்சுக்கு) முன்னால் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். அச்சிலிருந்து ஒட்டி வரும் பிசுக்கு போகாவிட்டால் மேலே சொன்ன எதுவும் பிடிக்காது.