90-க்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

என்னுடைய 1969 ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் போன வாரம் சர்வீஸ் முடிந்து வந்தது. கேள்விப்பட்ட நண்பன், "விக்கிறதா இருந்தா எனக்குச் சொல்லுடா" என்றான். படங்களை அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "புள்ளி 90-க்கு மேலயா, பக்கத்துலயா?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. வாட்ச் எப்படி ஓடுகிறது என்று ஒருவராவது கேட்கிறார்களா?

கண்ணாடியைச் சுற்றி டாக்கிமீட்டர் (வேகத்தைக் கணக்கிட உதவும்) எண்கள் போட்ட கறுப்பு வளையம் இருக்கிறதே, அதில் 1970 வாக்கில் வரைக்கும் 90-க்கு நேர் மேலே ஒரு புள்ளி இருந்தது. அதற்குப் பின் வந்தவற்றில் புள்ளி பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. என் வாட்ச் மேல்புள்ளிக் காலத்தது. ஆனால் முன்பு வைத்திருந்தவர் எப்போதோ சர்வீஸுக்குக் கொடுத்தபோது வளையத்தை மாற்றிவிட்டார்கள். வெறும் அலுமினியத் தகடு. பழைய தகடு தனியாக வேண்டுமென்றால் ஒரு நல்ல புது வாட்ச்சுக்கான காசைக் கேட்கிறார்கள்.

சேகரிப்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. டயலையோ முள்ளையோ மாற்றியிருந்தால் நானும் இதை வாங்கியிருக்க மாட்டேன். இந்த சர்வீஸில்கூட "இருட்டில் ஒளிரும் புது முள் போட்டுத் தரவா?" என்றார்கள். தொடவே கூடாது என்று சொல்லிவிட்டேன். முள்ளில் பூசியிருந்த டிரிட்டியம் என்ற ஒளிரும் பூச்சு எப்போதோ ஒளியிழந்து வெண்ணெய் நிறமாகிவிட்டது. அந்த நிறத்துக்காகத்தானே பழசு வாங்குகிறோம்!

உள்ளே இருப்பது 861 இயந்திரம், மணிக்கு 21,600 துடிப்பு. நிலவில் விண்வெளி வீரர் ஆல்ட்ரின் கட்டியிருந்ததில் அதற்கு முந்தைய 321 இருந்தது, அதுதான் உசத்தி என்று ஒரு கூட்டம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சொல்லட்டும். தினமும் காலையில் சாவி கொடுக்கிறேன், ஓடுகிறது. கீழ்ப் பட்டனை அழுத்தினால் ஸ்டாப்வாட்ச் முள் டக்கென்று 12-க்கு வந்து நிற்கிறது, மயிரிழைகூடப் பிசகாமல்.

நான் எதிர்பார்க்காத சந்தோஷம் கண்ணாடி. ஹெசலைட், அதாவது பிளாஸ்டிக். கதவு நிலையில் உரசினாலே கோடு விழும். கொஞ்சம் பாலிஷ் பேஸ்ட் தடவித் துணியால் தேய்த்தால் போதும், கோடு போய்விடும். அப்படித் தேய்த்த பிறகு லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் நட்டநடுவில் பொடியாக ஒமேகா குறி தெரியும். விலையுயர்ந்த சஃபையர் கண்ணாடியில் கீறல் விழுந்தால் இப்படி வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய முடியுமா?

இவ்வளவு புகழ்ந்த பிறகும், வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். புள்ளிதான் பிரச்சினை என்றால் 2021-இல் வந்த மாடலை வாங்கு. அதில் 90-க்கு மேலேயே வைத்திருக்கிறார்கள். கிரவுனை, அதாவது சாவி கொடுக்கும் திருகை, இழுத்தால் நொடிமுள்ளும் நிற்கும், என்னுடையதில் நிற்காது. காந்தத்துக்கும் பயப்பட வேண்டாம்.

இல்லை, உன்னுடையதுதான் வேண்டும் என்றால் சொன்ன விலைதான். வளையத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கழிக்க மாட்டேன்.